களிமுட்டானின் மூக்கு

5-12-66, திங்கள்
விடாத தூறல். விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதிக் கண் எரிச்சல். மாமா இறால் விற்கச் சிதம்பரம் போயிருக்கிறார். (மாமா என்றே எழுதுகிறேன். போன மாசி வரை அக்காவின் புருஷன், இந்த ஆவணி முதல் எனக்கு.)

அக்கா மகள் செல்வி இன்றும் பேசவில்லை. மாசியில் தோணி கவிழ்ந்து அக்கா போனதிலிருந்து இப்படித்தான். உடல் கிடைக்காமலே காரியத்தை முடித்தார்கள். ஏழு வயசுப் பிள்ளையிடம் என்ன சொல்வது? போனவள் எனக்கும் அக்கா. அது யாருக்கும் நினைப்பில்லை.

6-12, செவ்வாய்
அரிசியில் புழு. வாங்க: மண்ணெண்ணெய், புளி, சோப்பு.

சோறு ஊட்டும்போது வாய்க்கு வந்ததைக் கதையாக விட்டேன். உப்பங்கழிச் சுரபுன்னைக் காட்டுச் சேற்றில் களிமுட்டான் என்று ஒன்று. முன்பு மேட்டில் இருந்ததாம். வெள்ளத்தில் மேடு போகவே சேற்றில் இறங்கியதாம். கால் வாத்துக்கால் ஆனது. குடித்த உப்பு கண் வழியாக வெளியே போய்விடும். மூக்கு நீண்டு, அங்கே மரங்கள் மூச்சுவிட நீட்டும் வேர்க்குச்சி மாதிரி சேற்றுக்கு மேலே நிற்கும். இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

8-12, வியாழன்
வெயில். "சேத்துக்குள்ள மூச்சு வுடுமா?" செல்விதான் கேட்டாள்! அக்கா போனபின் முதல் பேச்சு. "நல்லா வுடும்" என்றேன். பூரித்துப்போனேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து: "பொண்ணு பேசுதாமே! இன்னா மருந்துடி குடுத்த?"

10-12, சனி
சாயங்காலம் செல்வியைக் காணோம். பதறித் தேடினால், துறையில் முழங்கால் சேற்றில். ஒவ்வொரு வேர்க்குச்சியாகத் தொட்டு "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு. இழுத்து வந்தேன். அடித்தும் விட்டேன்.

மாமா: "இன்னா கதடி சொல்லி வச்ச அதுக்கு?"

11-12, ஞாயிறு
மூடாப்பு. மாமா வலைக்குப் போகவில்லை. செல்வி சோறு வேண்டாம் என்றாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மூக்கு நீள எத்தன நாளாச்சு சித்தி?"

நாளில்லை, தலைமுறை தலைமுறையாக. பேத்திக்குப் பேத்தி வரை ஆச்சு என்றேன்.

"அப்ப, மொதல்ல எறங்குனது?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லிவிடலாம். எனக்கே அந்தப் பொய் வேண்டியிருந்தது.

"செத்துப்போச்சு."

"அதுக்குச் சின்ன மூக்குதான இருந்திச்சு" என்றாள்.

ஆமாம் என்றேன். கையை நீட்டி என் மூக்கைத் தடவிப் பார்த்தாள். அக்காவுக்கும் எனக்கும் ஒரே மூக்கு என்பார்கள்.