ஏழு மணங்கும் ஒரு கலயம் மோரும்

நைனா,

இன்று விடியற்காலையில் மோர்க் கலயங்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது உன் வாசனை வந்தது. புளித்த மோரும் கடல் உப்பும் ஈரக் கயிறும் சேர்ந்த வாசனை. மதியம் கரையேறி வந்து, குனிந்து வாசலுக்குள் நுழையும்போது உன் மீசையில் அதுதான் இருக்கும். கலயத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து ஒரு புதுக் கலயத்தை என் முன்னால் வைத்தார். வந்தது யார் என்று தெரிந்தால் நீ வயிறு குலுங்கச் சிரிப்பாய். இல்லை, குலுங்காது. குலுங்குவதற்கு வயிறே இல்லாமல் செய்துகொண்டவன் நீ. யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கால் நசுங்கிய வருஷம்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அலை முறிகிற இடத்தில் கட்டுமரம் திரும்பி, கட்டை உன் பாதத்தின் மேல் விழுந்தது. அதன்பின் அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு யானைக்கவுனி வரைக்கும் போக வேண்டியதாயிற்று. வீட்டில் அடுப்பு என்னுடையதானது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லக்கூட எனக்கு வராது; கையை மட்டும் தூக்குவேன். அம்மாவின் தம்பி தாசன் மாமா என்னை "ஊமச்சி" என்றுதான் கூப்பிடுவார். அடுப்பு என்னைப் பேசச் சொல்லவில்லை.

துறைமுகத்துப் பக்கம் ஒரு அரிசிக் கிடங்கில் உனக்குக் காவல் வேலை கிடைத்தது. நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை. மூட்டையிலிருந்து சிந்துகிற அரிசியைக் கூட்டி அள்ளிக்கொள்ளக் காவல்காரர்களுக்கு அனுமதி இருந்தது. ஊரெல்லாம் ரேஷன் கடையில் நின்று புழுத்த அரிசிக்குக் காத்திருந்த நாளில், நம் வீட்டில் மூன்று வேளையும் சோறு. கல் பொறுக்கிப் பொறுக்கி என் கண் வலிக்கும். நீ குன்று மாதிரி குவித்துச் சாப்பிடுவாய். இரண்டு வருஷத்தில் உன் கால் சரியாயிற்று. ஆனால் படுத்தால் எழ என் தோள் வேண்டியிருந்தது. கிணற்றடிக்குப் போய்த் திரும்பினால் மூச்சு வாங்கினாய்.

பிறகு ஒரு நாள், கிடங்கு போதும், கடலுக்குப் போகிறேன் என்று தாசன் மாமாவிடம் போய் நின்றாய். கட்டுமரத்தில் பாதி உன்னுடையது, பாதி அவருடையது. அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமா, நம்ப மரம் நாலு கட்ட. நீ ஏறுனா அஞ்சாவது கட்டயும் ஏறுன மாரி. அது மெதக்காது, முங்கிப்பூடும்."

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மறுநாள் தாசன் மாமாவே உன்னை விறகுத்தொட்டிக்கு அழைத்துப் போனார். சவுக்குக் கட்டை நிறுக்கிற பெரிய தராசில் ஒரு தட்டில் நீ ஏறி உட்கார, எதிர்த் தட்டில் இரும்புக் கல்லாக ஏற்றினார்கள். ஒன்பது மணங்கு, ஒரு முழு அரிசி மூட்டையின் கனம். ஏழுக்கு மேல் இருக்கிறவனோடு அலையில் இறங்கமாட்டேன் என்றார் மாமா. மாசி மகம் வரைக்கும் காத்திருப்பதாகவும், அதற்குள் ஏழுக்கு வரவில்லை என்றால் வேறு கூட்டாளி பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கட்டை முங்கினால் முங்குவது இரண்டு உயிர்.

அப்போது தொடங்கியதுதான் யோசனைத் திருவிழா. அம்மாவின் கூடை காலையில் மீனோடு போகும், மதியம் யோசனைகளோடு திரும்பும். ஒரு வீட்டில் வெந்நீரில் தேன் என்றார்கள். இன்னொரு வீட்டில் பழம் மட்டும் என்றார்கள். ஒரு ரிடையர் ஆன குமாஸ்தா, மீனைத் தொடாமல் கோதுமைக் கஞ்சியே குடித்தால் உடம்பு காற்றாகிவிடும் என்றாராம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பக்கத்து வீட்டில் ஒரு படி கொள்ளையே கொடுத்தனுப்பினார்கள். ஒரு வைத்தியர், மீன் சூடு, அதை விட்டுவிட்டுப் பச்சரிசிக் கஞ்சி குடி என்றார். கடற்கரைச் சாலையில் டிஸ்பென்சரி வைத்திருந்த வயதான டாக்டர் நேர் எதிராகச் சொன்னார். அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை நான்கையும் விடு; மீன், முட்டை, கீரை, மோர் எல்லாம் வயிறு நிறையச் சாப்பிடு; மருந்து உன் வீட்டுக்கு எதிரிலேயே அலையடிக்கிறது என்றார்.

யார் சொல்வதைக் கேட்பது என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நீ ஒன்று சொன்னாய். "தராசுக்கு மாமன் மச்சான் கெடயாது. தராசயே கேட்டுக்கலாம்." ஒவ்வொரு யோசனையையும் பத்து நாள் செய்து பார்த்து விறகுத்தொட்டிக்குப் போனோம். மணங்குக்கு எட்டு வீசை; தேனில் அரை வீசை ஏறினாய். கோதுமைக் கஞ்சியில் நின்ற இடத்திலேயே நின்றாய். பழத்தில் இறங்கினாய், ஆனால் பசியில் எல்லார் மேலும் விழுந்து கடித்தாய். டாக்டர் சொன்னபடி செய்த பத்து நாளில் ஒன்றரை வீசை குறைந்தது. விறகுத்தொட்டிக்காரரே நம்பாமல் இன்னொரு தடவை நிறுத்தார்.

அன்றிலிருந்து அடுப்பு எனக்கு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. சோறு இல்லாத தட்டைப் பார்த்து உனக்கு அழுகை வரக்கூடாது என்று சுறாவை வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் புட்டாக்கி, சோறு மாதிரியே குன்றாகக் குவித்து வைப்பேன். அதன் நடுவில் குழி பறித்து மீன் குழம்பு. சுற்றிலும் முருங்கைக்கீரை. கவளையும் நெத்திலியும் மலிந்த நாளில் வறுவல், கடல் கொந்தளித்த நாளில் முட்டையும் கத்திரிக்காயும். குழி பறித்து நான் குழம்பு ஊற்றுவதைப் பார்த்து நீ சிரிப்பாய். "என்னயே ஏமாத்தற. ஏமாத்து, ஏமாத்து."

அந்த வருஷம் பார்த்துத்தான் ரேஷனை எடுத்தார்கள். எல்லாக் கடையிலும் அரிசி. குப்பம் முழுக்கச் சோறு கொதிக்கிற வாசனை. ஊர் அரிசிக்கு ஏங்கியபோது நீ பருத்தாய், ஊர் அரிசியில் புரண்டபோது நீ இளைத்தாய். ஒரு கல்யாணப் பந்தியில் நீ சோற்றை ஒதுக்கி மீனை மட்டும் சாப்பிட்டதைப் பார்த்து உன் அக்கா, செல்லம்மா அத்தை, எல்லார் காதிலும் விழ அம்மாவைக் கேட்டாள்.

"இன்னாடி, என் தம்பிக்கு ஒரு புடி சோறு ஆக்கிப்போட ஒனக்கு வலிக்குதா?"

அம்மா தலை குனிந்தாள். நான் தூண் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும்.  ஆனால் பந்தி இலைகளின் சோற்றுக் குன்றுகளையும் அத்தையின் மூக்குத்தியையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் தராசு முள் ஏழு மணங்கில் நேராக நின்றது. தாசன் மாமா கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்து உன் கையில் கொடுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. நீ கடலுக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஏழே கால். மூன்றாம் மாதம் ஏழரை. துடுப்பு வலித்து வலித்து உன் தோளில் தழும்பு விழுந்திருந்தது, சோற்றை நீ தொடவும் இல்லை, ஆனாலும் ஏறிக்கொண்டிருந்தாய்.  தாசன் மாமா கூட்டுக்கு வேறு ஒருவரிடம் பேசிப் பார்க்கிறார் என்று காதில் விழுந்தது. நான் குழம்பில் குறை தேடினேன், எண்ணெயில் குறை தேடினேன். நீ உன் கண்ணை என்னிடமிருந்து மறைக்க ஆரம்பித்தாய். அது எனக்கு ஏழரையை விடப் பெரிய பாரமாக இருந்தது.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் கூடையோடு நான் கரைக்கு வந்தேன். நீங்கள் மரத்தை இழுத்துப் போட்டதும், கடலில் குடிக்க அதில் கட்டியிருந்த தாசன் மாமா வீட்டுக் கலயத்தை அவிழ்த்தேன். அடியில் சாந்து மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. வழியில் உன்னைக் கேட்டேன். நீ கோபித்துக்கொண்டாய். "கஞ்சித்தண்ணிதான். தண்ணி. சோறா துன்னேன்?"

நீ பொய் சொல்லவில்லை. நம் குப்பத்தில் எல்லாரும் அப்படித்தான். சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை, கஞ்சித்தண்ணிதான் குடித்தேன் என்பார்கள். அது யாருக்கும் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. நானும் அத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மறுநாள் தாசன் மாமா வீட்டு அத்தையிடம் கேட்டு அதே அளவு கஞ்சி வாங்கிவந்து, பழைய புடவைத் துணியில் ஊற்றி வடிகட்டிப் பிழிந்தேன். துணியில் நின்றதை உருட்டித் தட்டில் வைத்து உன் முன்னால் வைத்தேன். இரண்டு கை நிறையச் சோறு.  நீ ஒரு விரலால் அதைத் தொட்டு, "திருட்டுப் பய," என்றாய். அதையா உன்னையா என்று தெரியவில்லை.

ஆனால் நிறுத்துவது எப்படி? ஒரு மரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஒரே கலயம். முதல் சொட்டு கடலுக்கு, அடுத்த வாய் மூத்தவனுக்கு, பிறகு இளையவனுக்கு. அதை வேண்டாம் என்பது கூட்டாளியை வேண்டாம் என்பது மாதிரி. உன்னால் அதைச் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்தது.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாட்டுக்கார வீட்டில் மீனுக்கு மாற்றாக வாங்கிய மோரில் உப்பும் இஞ்சியும் நசுக்கிப் போட்டு, ஒரு கலயம் நிரப்பி, வறுத்த கருவாட்டையும் தேங்காய்க் கீற்றையும் துணியில் முடிந்து, விடிவதற்கு முன் கரைக்கு வந்தேன். மரம் தள்ளுகிற இடத்துக்குப் பெண்பிள்ளைகள் வருகிற வழக்கம் இல்லை. நான்கைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  தாசன் மாமா கட்டிவைத்திருந்த கலயத்தை அவிழ்த்து மணலில் வைத்துவிட்டு, என்னுடையதைக் கட்டினேன்.

"இன்னாமே இது?"

"மோரு, மாமா. ரெண்டு பேரும் இத்த குடிங்க. ஒரே கலயந்தான். உள்ள கீறது மட்டும் வேற."

"கஞ்சி இல்லாம அலைல துடுப்பு வலிக்க முடியுமா? இன்னா வெளாட்றியா?"

"நீ ஒன் கஞ்சிய வூட்ல குட்ச்சிட்டு வா. மரத்துல வோணாம். ஒரு மாசம். நைனா எறங்கலனா, நானே ஒன் கலயத்த எட்தாந்து கட்றேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் அழுகை வந்தது, அதை விழுங்கினேன். தாசன் மாமா உன்னைப் பார்த்தார். நீ மணலைப் பார்த்தாய். அவர் கலயத்தைத் தூக்கி முகர்ந்து, முதல் சொட்டைக் கடலில் விட்டு, உன்னிடம் நீட்டினார்.

"ஊமச்சி பேசிட்டா மாமா. இனிமே நாம யார் பேசறது. குடி."

ஒரு மாதத்தில் ஏழே கால். அடுத்த மாதம் ஏழு. அதன்பின் நான்கு வருஷம் நீ ஏழைத் தாண்டவே இல்லை. பொங்கலுக்கும் இல்லை, பந்திகளிலும் இல்லை. யோசனைகள் வந்தவண்ணம் இருந்தன. இளைத்தவனுக்குச் சோறு பயமில்லை, இனிமேல் சாப்பிடலாம் என்று எத்தனை பேர். நீ அமாவாசைக்கு அமாவாசை தராசில் உட்கார்ந்துவிட்டு, சிரித்துக்கொண்டே வந்துவிடுவாய். இறங்கியது ஒரு வருஷ வேலை, இறங்கின இடத்தில் நிற்பதுதான் ஆயுசு வேலை என்பாய். எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் துடுப்பு வலித்துப் போய், மரம் முங்க முங்க மீன் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? தாசன் மாமா கரையில் நின்று, முங்க வைப்பது மீன், மாமா இல்லை என்று ஊருக்கே கேட்கக் கத்தினாரே.

பிறகு மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல். குப்பத்தில் ஒன்பது வீட்டில் ஒவ்வொரு ஆளைக் கொண்டுபோனது. நம் வீட்டில் ஐந்தே நாள்.

உன்னைக் கிடத்தியிருந்தபோது செல்லம்மா அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, சோறு போடாமலே என் தம்பியைக் கொன்றார்கள் என்று அழுதாள். கூட்டம் அம்மாவைப் பார்த்தது. இந்தத் தடவை நான் தூண் பின்னால் போகவில்லை. காய்ச்சலில் போன மற்ற எட்டுப் பேரும் சோறு சாப்பிட்டவர்கள்தானே அத்தை என்று கேட்டேன். சத்தமாக இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. வாய்க்கரிசி போட என் முறை வந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான்கு வருஷம் தொடாத அரிசி. உன் காதருகே குனிந்து, இது ஒரு சிட்டிகைதான் நைனா, தராசில் தெரியாது என்றேன். எட்டுப் பேர் தூக்க வேண்டிய உடம்பு என்று முன்பு உன்னைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். நான்கு பேர்தான் தூக்கினார்கள். முன்னால் வலது பக்கம் தாசன் மாமா. தோள் மாற்றவே இல்லை.

இப்போது விடியற்காலையில் நான்கு மரங்களுக்கு மோர் போகிறது. வயிறு போட்ட ஆண்களின் பெண்சாதிகள் வந்து என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன், நைனா. எந்தக் காய், எந்த மீன், கஞ்சித்தண்ணியும் சோறுதான் என்று எல்லாம் சொல்கிறேன். நம்பாதவர்களுக்குத் துணியில் வடிகட்டிக் காட்டுகிறேன். நான் சொல்வதும் ஒரு யோசனைதான், பத்து நாள் செய்துவிட்டுத் தராசைக் கேளுங்கள் என்று கடைசியில் சேர்த்துக்கொள்கிறேன்.

இன்று ஐந்தாவது கலயத்தை வைத்தது செல்லம்மா அத்தை. மில்லில் உட்கார்ந்து வேலை செய்கிற அவள் மகன் எட்டே முக்கால் மணங்கு ஆகிவிட்டானாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினாள். பிறகு முந்தானையைத் திருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒங்க நைனாவுக்கு இன்னா போட்டியோ, அத்தயே இவனுக்கும் சொல்லுடி."

நான் கலயத்தைக் கையில் வாங்கினேன். புது மண் வாசனை. உட்காருங்க அத்தை என்றேன். இஞ்சியை அம்மியில் வைத்துக்கொண்டே, முதலில் சுறாப்புட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.