கெட்டிக் கூரை

ஏப்ரல் 3, 1973, செவ்வாய்

பள்ளி விட்டு வந்தபோது வண்டி தொப்பி வைத்திருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெயில் மறைப்பு. ஒபெலியா அக்கா ஏழு மாதமாகத் தேடிக் கடைசியில் பொமோனாவில் பழைய சாமான் சந்தையில் பிடித்திருக்கிறாள்.

உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். தெரு தெரிகிறது, வானம் தெரியவில்லை. சிக்னல் விளக்கும் தெரியாது. அதற்காகவே ஒரு சின்னப் பட்டைக் கண்ணாடி உண்டாம். டாஷ்போர்டில் ஒட்டிவிட்டால் மேலே இருக்கிற சிவப்பும் பச்சையும் அதில் வந்து விழும். அந்தக் காலத்திலேயே இதையும் கடையில் விற்றிருக்கிறார்கள்! முதலில் மறைப்பது, பிறகு மறைந்ததைக் காட்ட இன்னொன்று செய்வது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

பின்சக்கரங்களை மூடும் தகடுகள் போன வாரமே வந்துவிட்டன. அதற்கு இங்கே எல்லாரும் பாவாடை என்றுதான் சொல்வார்கள். அம்மா வாசலில் நின்று சொன்னாள்: "வண்டிக்கு ரெண்டு பாவாடை. இவளுக்கு வருஷம் முழுக்க அதே கிழிஞ்ச பேன்ட்டு."

"வண்டி பாவாடை கட்டுனா நாலு பேர் திரும்பிப் பாப்பாங்கம்மா. நான் கட்டுனா நம்ம தெரு நெஸ்டர்தான் பாப்பான்" என்றாள் அக்கா.

அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் நின்றிருந்தாள்.

ஏப்ரல் 14, சனி

இதை மறக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

லாலோ மொந்தெலோங்கோ வந்திருந்தார். 'லோஸ் செரேனோஸ்' வண்டி கிளப்பின் தலைவர். பதினேழு வண்டிகள், பதினேழு ஆண்கள். விட்டியர் சாலையில் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரிசையாக, நடக்கிற வேகத்தில் போகும்போது பின்கண்ணாடியில் கிளப்பின் பெயர்த்தகடு மின்னும். எழுத்துகளையே வெட்டிச் செய்த அந்தத் தகடு கடையில் கிடைக்காது. கிளப் கொடுத்தால்தான் உண்டு.

அக்காவுக்கு அது வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அவள் வாங்கியபோது இந்த 51ஆம் வருஷத்துச் செவர்லேயில் கோழிகள் குடியிருந்தன. தையல் ஆலையில் எட்டு மணிநேரம் ஜீன்ஸ் தைத்துவிட்டு வந்து, வீட்டில் இருக்கைகளுக்குத் தானே துணி தைத்தாள். துருவைத் தானே சுரண்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிப்பேன். அவளுக்கு இப்போது மெசொபொட்டேமியா பற்றி எல்லாம் தெரியும்.

லாலோ வண்டியை இரண்டு முறை சுற்றினார். மீசையைத் தடவினார். "நல்லாத்தான் இருக்கு ஒபெலியா. ஆனா பொண்ணுங்க எங்க வண்டில பக்கத்து சீட்டுலதான் உக்காருவாங்க. பசங்க என்ன சொல்வாங்கன்னு..."

"பசங்கள விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் குனிந்து டயரின் வெள்ளை விளிம்பைத் தேய்த்துப் பார்த்தார். "மே மாசம் வண்டி ஷோ இருக்குல்ல? ஒரு கோப்பை வாங்கிட்டு வா. அப்புறம் பேசுவோம்."

அவர் போனதும் அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்குப் பதினாலு வயது, அவள் உயரம் வந்துவிட்டேன். இருந்தாலும் தூக்கினாள்.

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

கோவிலில் முட்டி போட்டிருந்த நேரம் முழுக்கக் கோப்பைக்காக வேண்டிக்கொண்டேன். இது தப்பா? இன்றைக்குப் போய்!

மே 6, ஞாயிறு

ஷோவுக்கான விண்ணப்பம் வந்தது. அக்காவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதனால் நான்தான் எழுதினேன். கறுப்பு மை, ஒரு அடித்தல்கூட இல்லை. பெருமையாக இருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் திணறினேன். 'உடல் வகை' என்று ஐந்து கட்டங்கள்: செடான், ஹார்டாப், கன்வர்ட்டிபிள், ஃபாஸ்ட்பேக், வேகன். செடான் என்றால் நாலு கதவு வைத்த, பெரியவர்கள் கோவிலுக்குப் போகிற வண்டி. எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நம்முடையதற்கு இரண்டே கதவு. ஹார்டாப் என்றால்? அகராதியில் தனித்தனியாகப் பார்த்தேன். ஹார்ட்: கெட்டி. டாப்: கூரை.

அக்கா வண்டிக்கு அடியில் இருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. அதனிடம் கேட்டேன்.

"அக்கா, நம்ம வண்டிக் கூரை கெட்டியா, துணியா?"

"துணியா? லூசாடி நீ? தட்டிப் பாரு, கெட்டிதான்!"

தட்டிப் பார்த்தேன். கெட்டி. ஹார்டாப் கட்டத்தில் குறி போட்டேன்.

மே 27, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

விடியும் முன்னே போய்ச் சேர்ந்தோம். அக்கா பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சக்கரங்களைத் துடைத்தாள். இருட்டில் கைகாட்டிய வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள்; அது எந்த வரிசை என்று அக்கா பார்க்கவில்லை. நிறுத்தினோம். எங்கள் வண்டிதான் அந்த வரிசையிலேயே அழகு. சத்தியமாக. அதன் பச்சை நிறம் மழை பெய்த மறுநாள் புல் மாதிரி இருந்தது.

நடுவர் வந்தார். பென்சிலும் அட்டையுமாக, வெள்ளைத் தொப்பி போட்ட வயதானவர். சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு சொன்னார்: "அருமையான செடான்மா. ஆனா இது ஹார்டாப் வரிசையாச்சே."

முன்கதவுக்கும் பின்ஜன்னலுக்கும் நடுவே, கூரையைத் தாங்கும் தூணைப் பென்சிலால் தட்டிக் காட்டினார். ஹார்டாப்புக்கு அந்தத் தூண் இருக்காதாம். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே திறப்பாக இருக்க வேண்டுமாம். கூரை கெட்டியாக இருப்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. செடான் வரிசையில் மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார்கள். விதி விதிதான். வண்டியைப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

'லோஸ் செரேனோஸ்' ஆட்கள் ஐந்தாறு பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவனான நெஸ்டர் சத்தமாகச் சொன்னான்: "ஒபெலியா தூணோட வந்திருக்காடா! எவன் எழுதுனது இந்த ஃபாரத்த?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொன்னாள்: "நான்தான். தப்பாப் பாத்துட்டேன்."

சிரித்தார்கள். லாலோ சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது அக்கா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பசிக்குதா? தமாலே வாங்கித் தரவா?"

மே 28, திங்கள்

சாப்பிட முடியவில்லை. அவள் ஏன் என்னைத் திட்டவில்லை?

மே 30, புதன்

நூலகத்தில் மூன்று புத்தகம் பார்த்தேன். இப்போது எல்லாம் தெரியும்: தூண் உள்ளது, தூண் இல்லாதது, முதுகு வழுக்கிக்கொண்டு போவது, பெட்டி தனியாக நீட்டியிருப்பது. நம்முடையது இரண்டு கதவுச் செடான். அப்படியும் உண்டு! ஏழு நிமிஷம் ஆனது கண்டுபிடிக்க. மே ஆறாம் தேதி அந்த ஏழு நிமிஷம் என்னிடம் இருந்தது. நான் அகராதியை நம்பினேன்.

மாலை ரொட்டிக் கடையில் நெஸ்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "தன் வண்டி என்னன்னே தெரியாத பொம்பளைக்குத் தகடு ஒரு கேடா?"

கோப்பை போனது மட்டும் இல்லை. என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதால் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிட்டது. மூன்று வருஷம் அந்தத் தூணின் துருவைச் சுரண்டியது அவள் கை. அவளுக்கா தெரியாது?

ஜூன் 5, செவ்வாய்

போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, "முழுசாப் பேசு. பாதில அழுதுறாத" என்றாள்.

கிளப் கூட்டம் லாலோ வீட்டுக் கொல்லையில். எல்லாரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கறி சுடும் புகை. நான் விண்ணப்பத்தின் நகலைக் கையில் வைத்திருந்தேன்.

"ஃபாரம் எழுதுனது நான்தான். எங்க அக்கா இல்ல. அவ வண்டிக்கு அடியில இருந்தா, நான் கூரை கெட்டியான்னு மட்டும் கேட்டேன். ஹார்டாப்னா கெட்டிக் கூரைன்னு நெனச்சேன். எனக்காகத்தான் அவ பொய் சொன்னா."

யாரோ "கெட்டிக் கூரையா!" என்று வெடித்தார்கள். மொத்தக் கொல்லையும் சிரித்தது. சிரிக்கட்டும். என்னைப் பார்த்துத்தானே.

நெஸ்டர் கேட்டான்: "அதுக்குன்னு சின்னப் புள்ளைட்டயா குடுப்பாங்க ஃபாரத்த?"

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "உங்க ஃபாரத்த யாரு எழுதுனாங்க?" என்று கேட்டேன்.

நெஸ்டர் வாயில் இருந்ததை மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"சொல்லுடா" என்றார் லாலோ.

"...என் தங்கச்சி."

"என்னோடது என் பொண்டாட்டி" என்றார் லாலோ. "பத்து வருஷமா. கிளப் கணக்கும் அவதான்." அடுப்புப் பக்கமிருந்து ஒரு குரல்: "இப்பவாவது ஞாபகம் வந்துச்சே!" அதன் பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: அம்மா, அக்கா, மச்சினி. தானே எழுதினவர் ஒருவர்தான். அவருக்கு அந்த வருஷம் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம்.

நான் அழவில்லை. தெருமுனை வரை அழவில்லை.

ஜூன் 8, வெள்ளி

லாலோ வந்தார். அக்கா கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். நான் ஜன்னலுக்குப் பின்னால், ஒட்டுக்கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

"உன் தங்கச்சி வந்தா."

"தெரியும். அவ முகத்துலயே எழுதி ஒட்டிருந்துச்சு."

"கோப்பை வாங்கிட்டு வான்னேன்ல... பதினேழு பேர்ல ஒன்பது பேர்ட்ட கோப்பையே கிடையாது. யார்ட்டயும் நான் கேட்டதில்ல. உன் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லத் தைரியம் இல்லாம கேட்டேன். அது சரியில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அக்கா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "காபி குடிக்கிறீங்களா?" என்றாள்.

அவர் கிளம்பின பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஜன்னல்ல நிக்கிற கெட்டிக் கூரை, வந்து கோப்பையைக் கழுவு."

எனக்கு அந்தப் பெயர் ஒட்டிவிட்டது என்று நினைக்கிறேன். பரவாயில்லை. திட்டாத அக்கா, கழுத்துப்பட்டி சரிசெய்கிற அம்மா, வந்து சொல்லிவிட்டுப் போகிற ஒரு மனிதர். இவ்வளவும் இரண்டு வாரத்துக்குள். கடவுளே, நன்றி என்பதற்கு இன்னும் பெரிய சொல் அகராதியில் இருக்கிறதா? அகராதியைக் கேட்கப்போவதில்லை.

ஜூன் 17, ஞாயிறு

விட்டியர் சாலையில் கிழக்கே பார்த்து, நடக்கிற வேகம். முன்னால் எட்டு வண்டி, பின்னால் ஒன்பது. அம்மா முன்னிருக்கையில், தலையில் பூப்போட்ட துணி கட்டி, மடியில் கைப்பையுடன், படத்துக்கு உட்கார்ந்த மாதிரி. நான் பின்னிருக்கையில்.

திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடியில் கிளப் தகட்டின் எழுத்துகள் இடம்மாறி, வலமிருந்து இடமாகத் தெரிந்தன. வெளியே இருப்பவர்களுக்காகச் செய்தது, உள்ளே இருந்தால் அப்படித்தான். ஆனால் சாயங்கால வெயில் எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. முன்னிருக்கையின் முதுகில், அக்கா தைத்த அந்தத் துணியின் மேல், எழுத்துகளின் நிழல் நேராக, ஒன்று விடாமல் விழுந்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால். அவளால் பார்க்க முடியாது.

நான் வாசித்துச் சொன்னேன்.

"இன்னொரு தடவ வாசிடி" என்றாள்.