முதல் கைதட்டல்

மார்ச் 4

தங்கச்சியின் புது நடனத்துக்கு ஒத்திகை. வேடிக்கை பார்க்கப் போனேன். ஆறு பேர் தரையில் கிடந்து உருண்டார்கள். யாரோ கம்மலைத் தொலைத்துவிட்டார்கள் என்று நானும் குனிந்து தேடினேன். தங்கச்சி பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். பாட்டு இல்லை, கதை இல்லை. விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். எங்கள் பேக்கரியில் மூட்டை இறக்குகிறவனும் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறான். அவனுக்கு விளக்குப் போட்டுக் காட்டத்தான் ஆளில்லை.

மார்ச் 5

கடைசிப் பகுதியில் அவளே தனியாக ஆடப்போகிறாளாம்! முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மற்றவர்களை ஆட்டிவைத்தாளே தவிர, மேடை ஏறியதில்லை. காட்டு என்றால், "அன்னிக்கு வந்து பாரு" என்கிறாள்.

மார்ச் 11

எனக்கும் வேலை கொடுத்துவிட்டாள். இந்த நடனங்கள் எப்போது முடிகின்றன என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருத்தர் தட்டினால்தான் மற்றவர்களுக்கு உயிர் வரும். அந்த ஒருத்தர் நான். மாவு பிசைந்து பிசைந்து என் கை பலகை மாதிரி. தட்டினால் தெருக்கோடி நாய் குரைக்கும்.

"நான் ஆடி முடிச்சு, விளக்கு அணைஞ்சப்புறம்தான் தட்டணும். புரிஞ்சுதாக்கா?"

"நீ முதமுதல்ல நடந்தப்பவே தட்டினவ நான்தான்டி."

மார்ச் 19

பெரிய அரங்கத்தின் இயக்குநர் பார்க்க வருகிறாராம். தாடிக்காரர். அவருக்குப் பிடித்தால் ஊர் ஊராகக் கொண்டுபோவார். பிடிக்காவிட்டால் தங்கச்சி மறுபடி ஜிம்முக்குப் போய்த் தொப்பைக்காரர்களைக் குதிக்கவைக்க வேண்டியதுதான். பயத்தில் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "நல்லது, உன்னைத் தூக்கிப் போடுறவனுக்கு வசதி" என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 22

கெடுத்துவிட்டேன். கெடுத்தேனா?

மேடையில் ஆறு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். எனக்கு முன் வரிசையில் தாடிக்காரர். கொட்டாவி விட்டார். காலடியிலிருந்த பையை எடுத்தார். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தேவிட்டார். ஐயோ, போறானே பாவி, இன்னும் அவ வரவே இல்லையே —

தட்டிவிட்டேன்.

அரங்கமே தட்டியது. அத்தனை பேரும் இதற்குத்தான் காத்திருந்தார்கள் போல. விளக்குக்காரன் குழம்பிப்போய் அணைத்துவிட்டான். ஆறு பேரும் வேறு வழியில்லாமல் திரும்பி வணங்கினார்கள். தாடிக்காரர் எழுந்து நின்று தட்டினார். எப்படியும் பாதி எழுந்துதானே இருந்தார்.

பின்பக்கம் ஓடினேன். மேடை ஓரத்து இருட்டில், வெறுங்காலோடு, உள்ளே வரத் தயாராக அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்க்கா?"

"அந்தாளு எந்திரிச்சுட்டான்டி."

"போனா போகட்டும்னு விட்டிருக்கலாமே."

அவள் செருப்பைத் தேடி எடுத்துவந்து காலடியில் வைத்தேன்.

மார்ச் 23

அவளுக்குப் பன் கொடுத்தனுப்பினேன், அப்படியே திரும்பி வந்துவிட்டது.

மார்ச் 25

பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள். ‘முடிக்காமல் முடிக்கும் துணிச்சல்.’ அந்த மௌனம் பார்வையாளரிடமே கேள்வியாகத் திரும்புகிறதாம். என்னிடம் ஒன்றும் திரும்பவில்லை, உள்ளங்கைதான் எரிந்தது.

தாடிக்காரர் கூப்பிட்டுவிட்டார். ஒரு வருஷ ஒப்பந்தம். ஒரே நிபந்தனை: முடிவை மாற்றக் கூடாது.

"நீ என்னடி சொன்னே?"

"சரின்னேன்." மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

ஏப்ரல் 9

முதலில் தட்டுவதற்கென்றே ஆள் போட்டுவிட்டார்கள். நாடகம் படித்த ஒரு நெட்டையன். பழகிக்கொள்ள என்னிடம் அனுப்பியிருந்தாள். கோழிக்குஞ்சைத் தடவிக்கொடுக்கிற மாதிரி தட்டுகிறான். "பயந்து தட்டு தம்பி. உன் வீட்டுப் பொண்ணு பொழப்பு எந்திரிச்சுப் போகுதுன்னு நெனச்சுத் தட்டு" என்றேன். எழுதிக்கொண்டான்.

ஏப்ரல் 20

நாளை புறப்படுகிறாள். மதியம் கடை சாத்தியிருந்தபோது வந்தாள். "அந்த மேஜையை நகர்த்து" என்றாள். செருப்பைக் கழற்றினாள்.

அடுப்புச் சூட்டில், மாவு சிந்திய தரையில், அந்தக் கடைசிப் பகுதியை ஆடினாள். ஆபரேஷன் காலை இழுத்து இழுத்து வந்தாள். விழுந்தாள். எழுந்தாள். கதை என்ன என்று சத்தியமாகப் புரியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. நடுவில் ஓரிடத்தில் நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் என் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

கடைசியில் மூச்சு வாங்க, "முடிஞ்சிருச்சுக்கா. இப்ப தட்டு" என்றாள்.

"கொஞ்சம் நீளம்டி" என்று சொல்லிவிட்டுத்தான் தட்டினேன்.

தெருக்கோடி நாய் குரைக்க ஆரம்பித்தது.