கோட்டை விட்டவர்களின் கோடை

மே 6

அறிவுக்கொழுந்தே,

சித்தி வீட்டில் காலாட்டிக்கொண்டிருக்கும் தங்கைக்கு, கணக்கில் கோட்டை விட்டதால் கோடை வகுப்பில் வேகும் அக்கா எழுதுவது. போனை அம்மா பிடுங்கிவிட்டாள், அதனால்தான் கடிதம். வகுப்பில் ஓடுவது ஒரே மின்விசிறி, அதுவும் சார் தலைக்கு மேல். பின்னம் நடத்துகிறார், பின்னி எடுக்கிறார். ஆண்டுத் தேர்வு விடைத்தாளில் விடையைக் குறிக்கும் வட்டங்களைக் கறுப்பாக்கிப் பூனை வரைந்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வாலை எங்கம்மா காணோம்?"

"அதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க சார்."

வகுப்பே சிரித்தது. மறுதேர்விலும் கவிழ்ந்தால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம், உன்னோடு. பக்கத்தில் உட்கார்ந்து உன் நூற்றுக்கு நூறைப் பார்ப்பதற்குப் பூனையாகவே பிறந்திருக்கலாம்.

வயிற்றெரிச்சலுடன் (வெயிலால் அல்ல),
அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கேயும் உன் பேச்சுதான். சித்தப்பா பூனைக் கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அவ சொல்லிக் கேக்கணும்" என்றார். சித்தி என் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, பதில் வருமுன் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு வயிறே இல்லையா, எரிவதற்கு?

இன்னொன்று. உன்னிடம் சொல்லக் கூடாதென்று அப்பா சொன்னார். பள்ளியில் என்னை ஒரு வகுப்பு தாண்டிப் போடுகிறார்களாம். நீ தேறினால் இருவரும் ஒரே வகுப்பு. தேறாவிட்டால் நான் உனக்கு மேலே. வேண்டாம் என்று சொல்லிவிடவா?

தங்கை

மே 30

அடியே,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன், பதில் எழுத முகவரி வேண்டுமே.

தேறிவிட்டேன். மயிரிழைதான், ஆனாலும் என் சொந்த மயிர். சார் தன்னால்தான் என்று நினைக்கிறார். நினைக்கட்டும். உன்மேல் உள்ள பொறாமையில் படித்தேன்.

உன்னைவிட ஒரு வகுப்பு மேலே என்பது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதையும் எடுத்துக்கொள்கிறாய், அனுமதி வேறு கேட்கிறாய். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ மேலே போனால் எரியும், அவ்வளவுதான். எனக்காகப் பாவப்பட்டுக் கீழே நின்றால் என்னால் உன் முகத்தில் முழிக்க முடியாது.

பெஞ்சில் இடம் பிடித்து வைக்கிறேன். ஆனால் ஒன்று. வகுப்பில் மற்றவர்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீ மட்டும் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி "அக்கா" என்று கூப்பிடவேண்டும்.

எத்தனை தாண்டினாலும் உனக்கு ஒரு வயது மூத்தவள்