வளைவில்லாத ரோடு

மே 3, ஞாயிறு. கோத்தகிரி.
காலையில் மழை. பிறகு மிஸ்ட். வாசலில் நிற்கிற ஜீப் கூடத் தெரியவில்லை. வெயில் வரும் என்று நம்பி கூடாரத் துணியைக் கொடியில் போட்டேன். வந்தது பக்கத்து ஊட்டு பாத்திமா.

"ஏனுங்க நூர்ஜஹான் அக்கா, ரோடு பாக்கறதுக்கா ஆப்பிரிக்கா போறீங்க?"

ஆமாம், ரோடு பார்க்கத்தான். கல்யாணமான நாளிலிருந்து இவர் ஓட்டியது தேயிலை லாரி. எஸ்டேட்டிலிருந்து ஃபேக்டரி, ஃபேக்டரியிலிருந்து எஸ்டேட், வழியெல்லாம் வளைவு. ஒரு நாள் போனில் நமீபியாவைப் பார்த்துவிட்டார். மண் ரோடு. ஒரு திருப்பம் இல்லை, ஒரு ஆள் இல்லை. அன்று பிடித்த கிறுக்கு. "இதுல ஒருக்காவாவது ஓட்டிப்புடணும் நூரு."

அப்புறம்தான் கண்ணில் கோளாறு. ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் கொஞ்ச காலம் நிற்கும் என்றார் கோயமுத்தூர் டாக்டர். ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது. லாரியை விற்றோம். அந்தக் காசில் டிக்கெட். ஓட்டப்போவது நான். லைசென்ஸ் இருக்கிறது, தைரியம்தான் இல்லை.

மே 4, திங்கள்.
மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒத்திகை. ஜீப் இவருடைய சிநேகிதர் போஜன் அண்ணனுடையது. இவர் இடது சீட்டில், கையை வெளியே போட்டுக்கொண்டு. லாரி கிளீனர் மாதிரி கதவுத் தகரத்தில் தட்டுகிறார். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, போ. எதிரே வருவது எந்த வளைவில் இருக்கிறது என்று காதாலேயே தெரிகிறதாம்.

"நான் என்ன இலை மூட்டையா ஏத்திட்டு வர்றேன்? தட்டாதீங்க."

"பழக்கமாயிப்போச்சுங்க மேடம்."

கொண்டை ஊசி வளைவில் ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பஸ். கண்டக்டர் தலையை நீட்டி, "அக்கா, எறங்கி நடந்துருங்க, வெரசா போயிருவீங்க!" பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை. இவர் பக்கமிருந்து இரண்டு தட்டு. வண்டி ஏறிவிட்டது, எப்படி என்று தெரியாது.

மே 7, வியாழன். இத்தலார்.
போஜன் அண்ணன் கேரட் தோட்டத்து ஓரம் கூடாரம் போட்டு ஒத்திகை. முதல் தடவை, கோணலாக நிற்கிறது. மறந்தவை: சுத்தியல், உப்பு, தீப்பெட்டி. மறக்காதது: டீயில் நனைக்கிற வர்க்கி. போஜன் அண்ணன் வீட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொடுத்தனுப்பினார்கள். கல்லைக் கொண்டு ஆணி அடித்ததில் கட்டைவிரல் வீக்கம்.

சாயங்காலம் மிஸ்ட் கூடாரத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. தோட்டம் போச்சு, ஜீப் போச்சு, எதிர் மலை போச்சு. எங்கேயோ ஒரு மாடு மட்டும் கத்தியது. இவர் தலையை வெளியே நீட்டிப் படுத்திருந்தார், முகமெல்லாம் ஈரம்.

"மிஸ்ட்டுக்குள்ள எல்லாருக்கும் என் கண்ணுதான் நூரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழுந்து போய் இவருக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் தெரியமாட்டேன்.

மே 19, செவ்வாய். நமீபியா.
குளிர் நம் ஊர்க் குளிர்தான், ஈரம் மட்டும் இல்லை. வாடகை வண்டி. கூடாரம் அதன் தலை மேலேயே, ஏணி வைத்து ஏற வேண்டும். முட்டி வலி. ரோட்டில் நம்மைப் போலவே இடது பக்கம், அல்லாஹ் காப்பாற்றினான்.

மண் ரோடு. வானம் தரை வரைக்கும் இறங்கியிருக்கிறது. எங்கள் தூசி பின்னால் எழும்பி, மிஸ்ட் மாதிரி நின்றுவிட்டு மெதுவாகக் கரைகிறது. ஓட்டுகிறேனா, தூங்குகிறேனா என்றே சந்தேகம். சின்ன மேடு வந்ததும் ஹார்ன் அடித்தேன்.

"யாருக்கு ஹார்ன்?"

"எதுக்க வர்றவங்களுக்கு."

"யாரு வர்றா?"

காலையிலிருந்து எதிரே வந்தது ஒரு நெருப்புக்கோழி. விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் இவர், "நேரா மட்டுந்தான் தெரியுது. இந்த ரோட்டுக்கு அது போதும்ல?"

இவருடைய இடது கால் கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கிளட்ச் ஏது.

மே 21, வியாழன்.
ஒரு மாட்டுப் பண்ணையில் தங்கல். துணி துவைத்தேன், அரை மணியில் காய்ந்துவிட்டது! கோத்தகிரியில் மூன்று நாள்.

பண்ணைக்காரம்மாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, கண், ரோடு. வேலிக்குள்ளேயே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மண் ரோடு இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற காற்றாடி வரைக்கும் ஒரே நேர். வெளியார் யாரும் வரமாட்டார்கள். அந்தம்மா இவரைப் பார்த்தார். மாடுகள் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கின்றன, மெதுவாகப் போங்கள் என்றார். நாயைக் கூப்பிட்டு உள்ளே கட்டினார்.

அஸர் தொழுதுவிட்டு வந்து சாவியை இவர் கையில் வைத்தேன்.

"வேண்டாம் நூரு. ஓரத்துல ஏதாச்சும் வந்துட்டா?"

"ஓரத்துக்கு நான் இருக்கேனுங்க."

பிஸ்மில்லா சொல்லி ஏறினார். நான் இடது சீட்டில். இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

இடப்பக்கம் பார்த்தேன், காய்ந்த புல். வலப்பக்கம் எட்டிப் பார்த்தேன், காய்ந்த புல். நேரே, தூரத்தில், தீக்குச்சி உயரத்துக்குக் காற்றாடி.

கையை வெளியே நீட்டி, கதவில் இரண்டு தட்டு தட்டினேன்.