நாலு வெள்ளிக்கிழமை

சுங்கை பினாங்,
15 மார்ச் 1936

ரங்கூனில் கடை நடத்தும் என் மச்சான் அப்துல் ரசாக் அவர்களுக்கு ஹபீபா பீவியின் சலாம். நம் மகன் மீரான் இப்போது கண் திறந்து கஞ்சி கேட்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன், மீதியை நிதானமாக வாசியுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்த பிள்ளை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடும் நகமும் நாகப்பழ நிறம். முன்னே மூன்று தடவை லேசாக வந்து மறுநாளே போய்விட்டது. மாமியும் கண்ணூறு என்று ஓதி ஊதினார்கள். இந்தத் தடவை மூச்சு வாங்கவே, ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இரும்புக் குப்பியிலிருந்து பிராணவாயுவை மூக்கில் விட்டார்கள். ஒரு மணி நேரமாகியும் நீலம் அப்படியே. யாழ்ப்பாணத்து டாக்டர் நெஞ்சை முன்னும் பின்னும் கேட்டுவிட்டு, மார்பும் சுத்தம், இருதயமும் சுத்தம், பிறகு ஏனம்மா இப்படி என்று என்னையே கேட்கிறார். எனக்கு என்ன தெரியும் மச்சான்? பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். பக்கத்தில் தாதி மிஸ்ஸி நோர்மாவின் சொட்டு. அவளுடையது சிவந்தது, நம் பிள்ளையுடையது கோப்பிக் கறை மாதிரியே கிடந்தது. காற்று உள்ளே போகிறது, இரத்தம்தான் அதை வாங்கமாட்டேன் என்கிறது, ஏதோ விஷம் சேர்ந்திருக்கிறது என்றார்.

விஷம் என்றதும் மாமி என் முகத்தைப் பார்த்தார்கள். சமைக்கிறவள் நான்தானே.

பசார் கணக்குப் புத்தகம் கையில் இருந்தது. பார்த்தால், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டதைத்தான் அவனும் சாப்பிட்டிருக்கிறான். நீலம் வந்த நாட்களை ஓரத்தில் குறித்திருந்தேன். நாலும் வெள்ளிக்கிழமை. அல்லாஹ்வுடைய நாளிலா விஷம் என்று குழம்பி நின்றேன். டாக்டரோ, வெள்ளிக்கிழமை மட்டும் எதைப் போடுவான் என்று கேட்டுக்கொண்டே போர்வையை விலக்கினார். இரண்டு பாதமும் கறுப்பு.

நீங்கள் அனுப்பிய சப்பாத்துதான். பழுப்பு வேண்டாம், வாப்பாவுடையது மாதிரி கறுப்பு வேண்டும் என்று அழுதானே, அதற்கு நீங்கள் அனுப்பிய சாயத்தை வியாழன்தோறும் நானே சப்பாத்தில் பூசினேன். மறுநாள் தொழுகைக்கு ஒளு செய்து கழுவிய ஈரக் காலை அந்தச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடுவான். பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ, சனிக்கிழமை அசர் தொழுகை நேரத்துக்குள் உதடு சிவந்தது. ஈரத் தோல் வழியாகச் சாயம் இரத்தத்தில் சேர்ந்திருக்கலாம் என்றாலும் டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, சாயத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். காலில் ஒட்டியது உதட்டில் தெரியுமா? என் புத்திக்கு இன்னும் எட்டவில்லை.

மாமியிடம் நான் பூசினேன் என்று மட்டும் சொன்னேன். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை.

அந்தச் சாயம் உங்கள் கடையில் கை மேல் கையாக விற்றுப் போகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். கோபிக்காதீர்கள் மச்சான், சோதனையின் பதில் வரும்வரை ஒரு குப்பிகூட விற்க வேண்டாம். அங்கேயும் பிள்ளைகள் ஜும்மாவுக்குப் போகிறார்கள்.

மீரான் அடுத்த வெள்ளிக்கு வெறுங்காலோடு போகிறானாம். அனுப்புகிறேன். உங்கள் கை தொட்ட எதுவும் எந்தப் பிள்ளைக்கும் தீங்காகாமல் ரஹ்மானாகிய அல்லாஹ் காக்கட்டும், ஆமீன்.

உங்கள்
ஹபீபா பீவி