பிரதியில் இல்லாத வரிகள்

எடின்பரோ, 3 நவம்பர் 1874

அப்பா நீதிபதியாகிறார்! நாடாளுமன்றப் பதவியை விட்டுவிடுவார். இனி லண்டன் ரயில் இல்லை. நெசவாளி மகன் ராபர்ட் கெட்டிஸ், லார்டு கெட்டிஸ் ஆகப்போகிறார். வழக்கப்படி அம்மாவுக்குப் பட்டம் கிடையாது.

"அவர் லார்டு, நான் வெறும் மிஸஸ். ஹோட்டல்ல ஒரே ரூம் கேட்டா என்ன நினைப்பாங்களோ!" என்று அம்மா சிரித்தாள்.

சமையல்கார எல்ஸ்பெத்துக்கு வேறு கவலை. "இனிமேலாவது ஓட்ஸ் கஞ்சிக்கு உப்புப் போட்டுக்குங்க ஐயா. சர்க்கரையெல்லாம் லண்டன்காரன் பழக்கம்."

அப்பா சர்க்கரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

5 நவம்பர்

அப்பாவுக்கும் பரீட்சை உண்டு! நாற்காலியில் அமருமுன் புது நீதிபதி ஒரு வழக்கைக் கேட்டு, மற்ற நீதிபதிகள் முன் தன் முடிவைச் சொல்லிக்காட்ட வேண்டும். யாரும் தோற்றதில்லையாம். ஆனால் தடுமாறினால் ஊரே பேசும். "கட்சி குடுத்த நாற்காலிதானே" என்று இப்போதே முணுமுணுக்கிறார்களாம். அண்ணன் சாண்டி சட்டம் படிக்கிறான், அவனிடமே சொல்லியிருக்கிறார்கள்.

வழக்கு இது: குத்தகை விவசாயி விதைத்துவிட்டு இறந்துபோனான். நிலக்காரர் அவன் மனைவியை வெளியேற்றி, கதிரைத் தானே அறுத்துக்கொண்டார். கதிர் அவளுடையது என்பது அப்பாவின் முடிவு. வீட்டில் என் கையெழுத்துதான் அழகு. ஒன்பது பக்கத்தையும் நானே பிரதி எடுக்கிறேன்.

6 நவம்பர்

அப்பாவின் அலமாரியில் ஒரு பழைய தீர்ப்பைத் தேடினேன். கையில் வந்தது 1863-ஆம் வருடக் காகிதக் கட்டு. பெர்த் ஊரில், கீழ்க்கோர்ட்டில் நடந்த வழக்கு. மிஸஸ் ராங்கின், விதவை, ஓட்ஸ் வயல். எல்லாம் இதே கதை. நிலக்காரரின் வக்கீல் — அப்பா. கதிர் அவளுக்கு இல்லை என்று வாதாடி ஜெயித்திருக்கிறார்.

இது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. இந்த அலமாரியில் மட்டும்தான் இருக்கிறது. நான் ஏன் அதைத் தொட்டேன்? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே!

7 நவம்பர்

சொல்லிவிட்டேன். அப்பா நின்றபடியே முழுவதும் படித்தார்.

"வேற யார்கிட்டயாவது காட்டினியா, ஈஃபி?"

"இல்லப்பா."

"எடுத்த இடத்துலயே வை."

அவ்வளவுதான். மீதிப் பக்கங்களை எழுதினேன். எழுத்துகள் சாய்ந்துபோயின.

8 நவம்பர், ஞாயிறு

தேவாலயத்தில் இரண்டு மணி நேரப் பிரசங்கம். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

10 நவம்பர்

நீதிமன்றத்தில் அம்மாவுக்கும் சாண்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா படிக்கப் படிக்க என் உதடுகளும் அசைந்தன; எனக்கு எல்லாம் மனப்பாடம். ஏழாம் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சொன்னது எதுவும் என் பிரதியில் இல்லை.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால இதே கேள்வி பெர்த்ல வந்தது. இதுக்கு நேர்மாறாத் தீர்ப்பாச்சு. அப்படி வாதாடின வக்கீல் நான்தான். என் வாதம் தப்பு. மிஸஸ் ராங்கினோட கதிர் அவங்களுக்குத்தான் சேர்ந்திருக்கணும்."

பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். சாண்டி என் கையை நெரித்தான். "போச்சு! சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராத் தெரிஞ்சிடும்."

தலைமை நீதிபதி கிழவர். மூக்குப்பொடி டப்பாவை மூடிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பரீட்சையில நிறையப் பேரைப் பாத்துட்டேன். தன்னையே எதிர்த்துத் தீர்ப்புச் சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். மேலே வாங்க, லார்டு கெட்டிஸ்."

அம்மா கைக்குட்டையைத் தேடினாள். நான் அழவில்லை. "அது எங்க அப்பா!" என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

11 நவம்பர்

அப்பா பெர்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரதி எடுக்கத் தரவில்லை.

2 டிசம்பர்

பெர்த்திலிருந்து ஒரு சின்னத் துணி மூட்டை. உள்ளே ஓட்ஸ் மாவு, கூடவே ஒரு துண்டுத் தாள்: "இந்த வருஷத்து அறுவடை. வேறு வயல். என்னுடையது. ஜேனட் ராங்கின்."

எல்ஸ்பெத் அதிலேயே கஞ்சி காய்ச்சினாள். அப்பா கிண்ணத்தை வாங்கி, நெசவாளித் தாத்தா செய்வாராமே, அதைப் போல நின்றுகொண்டே சாப்பிட்டார். நான் சர்க்கரையை நீட்டினேன்.

"உப்பு குடும்மா," என்றார்.